பீர் ஆலையில் நாய்க் குளியல் நாள்: ஒரு வாளி ஹாப்ஸ் மண்டியால் நேர்ந்தது

பின்னணி

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் மிராமர் என்றொரு பகுதி உண்டு. ஒரு பக்கம் மரைன் படையின் விமானதளம். மறுபக்கம் வரிசை வரிசையாகக் கிடங்குகள். அந்தக் கிடங்குகளில் சிறு பீர் ஆலைகள் பல இயங்குவதால் உள்ளூர்க்காரர்கள் அந்த இடத்தையே 'பீராமர்' என்று கேலியாக அழைக்கிறார்கள். 1989-இல் கார்ல் ஸ்ட்ராஸ் என்ற ஆலை நகர மையத்தில் தொடங்கியது, 1996-இல் ஸ்டோன் ஆலை வந்தது. அதன் பிறகு சான் டியேகோவின் பெயரே கசப்பு தூக்கலான 'வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ' வகை பீரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. நாய்களைக் குளிப்பாட்டும் நிகழ்ச்சி ஒன்றில் நேர்ந்த விபத்தைப் பற்றிய இந்த ஆய்வு முழுவதும் அந்தப் பூவைச் சுற்றித்தான்.

இங்குள்ள சிறு ஆலைகளில் பெரும்பாலானவை, காய்ச்சும் இடத்தை ஒட்டியே குடிக்கும் கூடத்தையும் வைத்திருக்கின்றன. மதுக்கடை என்றதும் நமக்கு மனதில் எழும் இருட்டும் அவசரமும் அங்கே இல்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தம்பதியர் வருவார்கள்; தாத்தாக்கள் சீட்டாடுவார்கள்; மேசைக்கு ஒரு நாய் படுத்திருக்கும். உணவகங்களின் திறந்தவெளிப் பகுதிக்கு வாடிக்கையாளர்கள் நாயை அழைத்துவர, கடை இசைந்தால், 2014-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. நாய் வாரில் கட்டப்பட்டிருக்க வேண்டும், இருக்கையில் ஏறக் கூடாது, கட்டடத்தின் உட்பகுதி வழியாக வரக் கூடாது, வெளியிலிருந்தே தனி வழி வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. கடைசி நிபந்தனையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அப்படியோர் ஆலையின் வாகன நிறுத்துமிடத்தில் கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகம் ஒன்றுக்காக நிதி திரட்டும் குளியல் நிகழ்ச்சியை நடத்தினோம். காப்பகத்தின் தன்னார்வ ஒருங்கிணைப்பாளர்கள் மூவரில் நானும் ஒருவன். ஆலை சிறியது, ஒரு முறை காய்ச்சினால் 10 பீப்பாய், அதாவது ஏறத்தாழ 1,170 லிட்டர். உரிமையாளர், காய்ச்சுநர், அவருக்கு ஓர் உதவியாளர், கூடத்தின் மேலாளர், பரிமாறுபவர்கள் மூவர். அவ்வளவுதான் மொத்த ஆட்கள்.

ஏற்பாடு எளிமையானது. நாயைக் குளிப்பாட்ட 20 டாலர் நன்கொடை. நாய் குளிக்கும் நேரத்தில் அதை வளர்ப்பவர் பீர் அருந்தலாம். விற்கும் ஒவ்வொரு முழுக் கோப்பைக்கும் ஆலை 2 டாலர் காப்பகத்துக்குத் தரும். குளிப்பாட்டுபவர்கள் எல்லாரும் காப்பகத்தின் தன்னார்வலர்கள். அவர்கள் வேலை முடியும்வரை குடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

திட்டமிட்டது எப்படி

மூன்று கூட்டங்கள் நடத்தினோம். மூன்றிலும் ஆலையின் சார்பில் கலந்துகொண்டவர் கூடத்தின் மேலாளர். மிகவும் பொறுப்பானவர். எத்தனை மேசை, எங்கே நிழற்குடை, குடித்தவர்களை எப்படிக் கவனிப்பது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. காய்ச்சுநர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. நாங்களும் அழைக்கவில்லை, அவருக்கு இதில் என்ன வேலை என்று நினைத்தோம்.

எங்கள் கவலைகளைப் பழைய குறிப்பேட்டில் இப்போதும் படிக்க முடிகிறது. நாய்ச்சண்டை, வெயிலில் சுடும் தார்த்தரை, போதையில் யாராவது வாரை நழுவவிடுவது, காதுக்குள் தண்ணீர் போவது. இவற்றுக்கெல்லாம் வழி செய்தோம். கூடுதலாக இரண்டு விஷயங்களில் நாங்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளும் அளவுக்குக் கவனமாக இருந்தோம்.

முதலாவது, கழிவுநீர். சான் டியேகோவில் தெருவோர மழைநீர் வடிகாலும் சாக்கடையும் தனித்தனி. சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வடிகாலில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஓடைகள் வழியாகக் கடலில் கலக்கிறது. சோப்புத் தண்ணீரை அதில் விடுவது குற்றம். பெரிய நாய் ஒன்றைக் குளிப்பாட்டி அலச எங்களுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் ஆனது. எனவே தரையில் தடித்த தார்ப்பாய் விரித்து, ஓரங்களில் மணல்மூட்டை அடுக்கி, தேங்கும் நீரைச் சிறு மோட்டாரால் இறைத்து, குழாய் வழியாக ஆலைக்குள் இருக்கும் சாக்கடைக் கால்வாய்க்கு அனுப்பத் திட்டமிட்டோம். நகராட்சியிடம் கேட்டு உறுதியும் செய்துகொண்டோம். குழாய் உள்ளே போக, கட்டடத்தின் பின்புற ஷட்டரை ஓர் அடி உயர்த்தி வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, நாய் பிஸ்கட். பீர் காய்ச்சும்போது, முளைகட்டி உலர்த்திய பார்லியை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்குவார்கள். கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தபின் துணியில் திப்பி தங்குவதுபோல, அதிலும் சக்கை மிஞ்சும். அந்தச் சக்கையோடு முட்டை, மாவு, நிலக்கடலை வெண்ணெய் சேர்த்து நாய்களுக்குப் பிஸ்கட் சுடுவது பல ஆலைகளில் வழக்கம். ஹாப்ஸ் சேர்ப்பது இதற்கு அடுத்த கட்டம் என்பதால், இந்தச் சக்கையில் ஹாப்ஸ் இருக்காது. எங்களுக்குப் பிஸ்கட் சுட்டுக் கொடுத்தவர், கடலை வெண்ணெயில் நாய்க்கு நஞ்சான சைலிட்டால் இனிப்பு கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பார்த்து வாங்கினார். பொட்டலத்தின் மேல் 'ஹாப்ஸ் இல்லை, நாய்களுக்குப் பாதுகாப்பானது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டும் கொடுத்தார்.

அந்த வரியை நாங்கள் எல்லாரும் படித்தோம். ஹாப்ஸ் நாய்க்கு ஆகாது என்பதும், அந்த விஷயத்தை ஏற்கெனவே ஒருவர் பார்த்துக்கொண்டார் என்பதும் ஒரே நேரத்தில் எங்கள் மனதில் பதிந்துவிட்டன. நூறு மீட்டர் சுற்றளவில் கிலோக் கணக்கில் ஹாப்ஸ் இருக்கும் கட்டடத்தில் நிற்கிறோம் என்பது மூன்று கூட்டங்களிலும் யாருக்கும் தோன்றவில்லை.

பயந்த சுபாவமுள்ள நாய்கள் உலர்வதற்குக் கட்டடத்தின் பின்புறத்தில் அமைதியான இடம் ஒதுக்கினோம். நாய்கள் உள்ளே வரக் கூடாது என்பதால் பக்கவாட்டுச் சந்து வழியாக அங்கே போக வேண்டும். ஓர் அடி உயர்த்திய ஷட்டர் இருந்ததும் அந்தப் பின்புறத்தில்தான்.

அன்று நடந்தது

காலை 10 மணிக்குத் தொடங்கினோம். நல்ல கூட்டம். சாம்பல்நிறப் பூடில் ஒன்று தொட்டிக்குள் இறங்க மறுத்து, இறங்கியபின் ஏற மறுத்தது. மேசைகளில் நான்கு சிறு கோப்பைகள் பொருந்தும் மரப்பலகைகள் வந்தவண்ணம் இருந்தன. வெளிர்மஞ்சள் பில்ஸ்னர் ஒரு முனையில், காபி மணக்கும் கறுப்பு ஸ்டௌட் மறுமுனையில். பீரைச் சுவைத்துப் பேசுகிறவர்களையும் நனைந்த நாயைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால், ஒலிபெருக்கியும் பாட்டும் தேவையில்லை. நான் பார்த்த நிதி திரட்டல்களில் அது போலக் கலகலப்பானது வேறில்லை. பகல் 12 மணிக்குள் 47 நாய்கள் குளித்திருந்தன.

12 மணி அளவில் வெளிர்மஞ்சள் நிற லாப்ரடார் கலப்பு நாய் ஒன்றைக் குளிப்பாட்டினோம். நான்கு வயது, சுமார் 28 கிலோ. பயந்த நாய் அல்ல. ஆனால் மற்ற நாய்களின் மேல் தாவிக்கொண்டே இருந்ததால் பின்புறத்துக்கு அனுப்பினோம். அங்கே 17 வயதுத் தன்னார்வலர் ஒருவர், ஒரே ஆளாக, ஐந்து நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளர்ப்பவர், நடுத்தர வயதுப் பெண்மணி, வாரை மேசைக்காலில் கட்டிவிட்டுத் தன் இரண்டாவது கோப்பையை வாங்கப் போனார்.

12:20 அளவில் நாய் வாரிலிருந்து கழுத்தை உருவிக்கொண்டு ஷட்டருக்கு அடியில் நுழைந்தது. அந்த இளைஞர் மற்ற நான்கு நாய்களை விட்டுவிட்டுப் பின்னால் ஓட முடியாமல் கூப்பிட்டார். இரண்டு மூன்று நிமிடங்களில் அதுவே வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மூக்கிலும் தாடையிலும் பச்சையாகச் சேறு போல ஏதோ ஒட்டியிருந்தது. புல்லோ பாசியோ என்று எண்ணி, துண்டால் துடைத்துவிட்டு வாரை இறுக்கிக் கட்டினார். வளர்ப்பவர் வந்ததும் சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்தார். எவரிடமும் எதையும் அவர் மறைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கவனித்த அறிகுறிகள்

12:50-க்கு நாய் வேகமாக இரைக்கத் தொடங்கியது. அன்று வெயில் கடுமை. எல்லா நாய்களும் இரைத்துக்கொண்டுதான் இருந்தன. வெப்பத்தால் வந்த களைப்பு என்று நினைத்து, நிழலுக்கு மாற்றித் தண்ணீர் வைத்தோம். அது குடிக்கவில்லை, படுக்கவும் இல்லை. நின்றது, சுற்றியது, மறுபடி நின்றது.

எங்கள் தன்னார்வலர்களில் ஒருவர் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகப் பணிபுரிபவர். 1 மணிக்கு அவர் வெப்பமானி வைத்துப் பார்த்தார்: 39.9 டிகிரி செல்சியஸ். நாயின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 வரை. ஈரத்துணி போட்டு மின்விசிறியைத் திருப்பிவிட்டார். 1:15-க்கு மறுபடி பார்த்தபோது 40.7.

அவர் அப்போது சொன்னதுதான் திருப்புமுனை. "இப்போதுதான் குளித்த நாய். நிழலில் இருக்கிறது. மேலே ஈரத்துணி. காற்றும் வருகிறது. வெயில்தான் காரணம் என்றால் சூடு இறங்க வேண்டும், ஏறுகிறது." ஈறுகள் செக்கச் செவேலென்று இருந்தன. மார்பில் கை வைத்தால் இதயம் அடிப்பதை எண்ண முடியவில்லை.

அந்த நேரத்தில் பீப்பாய் மாற்ற வெளியே வந்த காய்ச்சுநரின் உதவியாளர், நாயைப் பார்க்கக் குனிந்தார். அதன் வாயருகே முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "இது சிட்ரா வாசனை," என்றார். சிட்ரா என்பது ஹாப்ஸ் வகைகளில் ஒன்று; எலுமிச்சையும் பழுத்த மாம்பழமும் கலந்தாற்போன்ற மணம் கொண்டது. அன்று காலைதான் காய்ச்சுநர் வந்து, ஐபிஏ நொதித்துக்கொண்டிருந்த கலனின் கூம்பு அடியிலிருந்து ஹாப்ஸ் மண்டியைத் திறந்துவிட்டிருந்தார். மணத்துக்காகக் கடைசியில் சேர்க்கும் ஹாப்ஸ் அது. அந்தக் கலனுக்கு ஒன்பது கிலோ. ஈஸ்ட்டும் பீரும் கலந்து பச்சைக் கூழாக அடியில் படியும். பெரும்பகுதியைக் கால்வாயில் கழுவிவிட்டு, மிச்சத்தை ஒரு வாளியில் பிடித்து, மூடியில்லாமல் ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, உள்ளே யாரும் வரப்போவதில்லை.

ஹாப்ஸ் தின்ற நாய்களில் சிலவற்றுக்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். தசைகள் தம்மைத்தாமே எரித்துக்கொள்வதுபோல வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே போகும். 42 டிகிரியை எட்டி, சில மணி நேரத்தில் இறந்துபோன நாய்கள் உண்டு. கிரேஹவுண்டு இனத்துக்கு ஆபத்து அதிகம், ஆனால் லாப்ரடார் உள்ளிட்ட மற்ற இனங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. எத்தனை கிராம் தின்றால் ஆபத்து என்று வரையறுத்த அளவு கிடையாது. வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களின் நாய்களுக்குத்தான் இது பெரும்பாலும் நேர்கிறது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் கேள்வி, அங்கேயே வாந்தி எடுக்கவைப்பதா என்பது. ஹைட்ரஜன் பெராக்சைடு முதலுதவிப் பெட்டியில் இருந்தது; கூட்டத்தில் இருவர் அதைக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். மருத்துவ உதவியாளர் மறுத்தார். அவ்வளவு வேகமாக இரைக்கும் நாய் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். தவிர, கிளம்பத் தாமதமாகும். அவர் மறுத்தது சரி என்று மருத்துவமனையிலும் சொன்னார்கள்.

இரண்டாவது, யார் வண்டி ஓட்டுவது. வளர்ப்பவர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். இரண்டு கோப்பை குடித்திருந்தார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் சாவியைக் கேட்டு வாங்கியது அன்று நான் செய்த வேலைகளில் கடினமானது. "என் நாய்," என்று மட்டும் மூன்று முறை சொன்னார். காப்பகத்தின் வண்டியில், குடிக்காத தன்னார்வலர் ஓட்ட, அவரும் மருத்துவ உதவியாளரும் பின்னால் நாயோடு உட்கார்ந்தார்கள். குளிர்சாதனத்தை முழுதாக வைத்து, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி. போகும்போதே அவசர சிகிச்சை மருத்துவமனைக்கும், விலங்குகளுக்கான நஞ்சு ஆலோசனைத் தொலைபேசிக்கும் பேசினார்கள். 'ஹாப்ஸ்' என்று முன்கூட்டியே சொன்னதால் வாசலிலேயே ஆள் நின்றார்கள்.

மூன்றாவது முடிவில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. வேறு நாய்களும் அந்த வாளியில் வாய் வைத்திருக்கலாம். வந்திருந்த அனைவருக்கும் அறிவிப்பதா? மேலாளர் தயங்கினார்: நடந்தது என்னவென்று உறுதியாகத் தெரியாமல் பீதியைக் கிளப்ப வேண்டாம், பின்புறத்துக்குப் போன ஐந்து பேரிடம் மட்டும் சொல்லலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் காலையிலிருந்து பின்புறத்துக்கு யார் யார் போனார்கள் என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. ஐந்து என்பது அந்த நேரத்துக் கணக்கு மட்டுமே. எனவே குளிப்பாட்டுவதை நிறுத்தி, நடந்ததை அப்படியே சொன்னோம். கிளம்பிப் போனவர்களுக்கு, பதிவுத்தாளில் இருந்த எண்களைக் கொண்டு குறுஞ்செய்தி அனுப்பினோம். ஷட்டர் இறங்கியது. இறைக்க வழியில்லாததால் குளியல் அத்தோடு முடிந்தது. 3 மணி வரை நடந்திருக்க வேண்டியது.

வரிசையில் காத்திருந்தவர்கள் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர்கூடப் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. பலர் அழுக்கு நாயோடு உட்கார்ந்து, கோப்பையை முடித்துவிட்டே போனார்கள்.

பின்னர் நடந்தவை

மருத்துவமனையில் வெப்பம் 41.3 வரை போனது. மயக்கமருந்து கொடுத்து, கண்காணிப்போடு வயிற்றைக் காலி செய்தார்கள். வெளிவந்தது பச்சைக் கூழ். நரம்பு வழியாகக் குளிர்ந்த திரவம், தசையின் கொதிப்பை அடக்க டான்ட்ரோலின் என்ற மருந்து, வெளியில் ஈரத்துணி. 39.4-க்கு இறங்கியதும் குளிர்விப்பதை நிறுத்தினார்கள். அதற்குமேல் தொடர்ந்தால் வெப்பம் இயல்புக்குக் கீழே சரிந்துவிடும். அன்றிரவு முழுதும் இரத்தம் உறைவதையும் சிறுநீரகத்தையும் கவனித்தார்கள். மறுநாள் மாலை நாய் வீடு திரும்பியது. வேறு எந்த நாய்க்கும் எதுவும் ஆகவில்லை.

கட்டணம் 3,000 டாலருக்குச் சற்று அதிகம். குளியலிலும் பீரிலும் சேர்ந்த தொகை அதற்குக் குறைவு. காப்பகத்தின் காப்பீடு, நிகழ்ச்சிக்கு வரும் நாய்களுக்கு நேரும் பாதிப்பை ஏற்கவில்லை என்பதை அன்றுதான் முழுதாகப் படித்துத் தெரிந்துகொண்டோம். நன்கொடைப் பணத்தை எடுத்துக் கட்டலாமா என்று குழுவில் பேசினோம். அனாதை நாய்களுக்கென்று கொடுத்த பணம் அது என்று கைவிட்டோம். ஆலை உரிமையாளர் பேச்சு ஏதும் இல்லாமல் முழுத் தொகையையும் கட்டிவிட்டுத் தம் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்தார். அது வர நான்கு மாதம் ஆயிற்று, வந்ததும் முழுதாக அல்ல.

அந்த 17 வயதுத் தன்னார்வலர் இரண்டு வாரம் காப்பகத்துக்கு வரவில்லை. தானே காரணம் என்று நினைத்திருக்கிறார். ஒரே ஆளிடம் ஐந்து நாய்களை ஒப்படைத்தது நாங்கள். நேரில் போய் அதைச் சொன்னோம். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மாற்றியவை

நிகழ்ச்சி முடிந்து பத்து நாள் கழித்து அனைவரும் கூடினோம். இம்முறை காய்ச்சுநர் வந்தார். அரை மணி நேரத்தில் அவர் சொன்ன விவரங்கள் மூன்று கூட்டங்களில் நாங்கள் பேசியவற்றைவிட அதிகம். ஹாப்ஸ் நாய்க்கு ஆகாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறது. பின்புறம் நாய்கள் வரும் என்பதுதான் தெரியாது. எங்களுக்கு நாய்கள் எங்கே இருக்கும் என்பது தெரியும். உள்ளே வாளி இருக்கும் என்பது தெரியாது. "குளியல் வாசலில் என்றுதானே சொன்னார்கள்?" என்று கேட்டார்.

அடுத்த ஆண்டிலிருந்து, நிகழ்ச்சிக்கு முந்தைய இரண்டு நாளும் அன்றும் மண்டி இறக்குவதில்லை. இது சுலபமாகக் கிடைத்த சலுகையல்ல. ஹாப்ஸ் அதிக நாள் ஊறினால் பீரில் புல்வாடை ஏறும் என்று காய்ச்சுநர் வாதாடினார். கடைசியில் அந்த வாரம் ஐபிஏ காய்ச்சாமல், கடைசியில் ஹாப்ஸ் சேர்க்கத் தேவையில்லாத ஸ்டௌட் காய்ச்சுவது என்று முடிவானது. கழிவுநீர்க் குழாய்க்கு ஷட்டரைத் தூக்குவதற்குப் பதில், சுவரில் ஏற்கெனவே இருந்த ஒரு துளையைப் பெரிதாக்கினார்கள். ஆலையில் யாருக்கும் அது இத்தனை நாள் நினைவில் இல்லை. உலரும் இடம் பக்கத்துக் கடையின் முற்றத்துக்கு மாறியது. இரண்டு நாய்க்கு ஓர் ஆள், வாருக்குப் பதில் தோளோடு சேர்த்துப் பூட்டும் பட்டை, யார் எங்கே எப்போது இருந்தார்கள் என்ற பதிவேடு. பதிவேட்டைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அது இருந்திருந்தால் அறிவிப்பைப் பற்றி அன்று விவாதிக்கவே தேவையிருந்திருக்காது.

பதிவு மேசையில், இரைப்பு நிற்காத நாய்க்கு உடனே வெப்பம் பார்த்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். பிஸ்கட் பொட்டலத்தின் வாசகத்தையும் மாற்றினோம். இப்போது அதில் 'இந்த பிஸ்கட்டில் ஹாப்ஸ் இல்லை. இந்தக் கட்டடத்தில் உண்டு' என்றிருக்கும். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு அந்தப் பெண்மணி வந்தார். 20 டாலர் கட்டினார், ஒரு ஸ்டௌட் வாங்கிக்கொண்டு நிழற்குடைக்குக் கீழே உட்கார்ந்தார். நாயை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.